ஏழு பிழை, முன்னேற்றம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது நான் வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன். வியந்து திறந்த வாய் அல்ல. கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்காகத் திறந்த வாய். இரண்டு பக்கமும் பஞ்சு, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய், கண்ணுக்கு நேரே விளக்கு. அந்த நிலையில்தான் பல் டாக்டர் கேட்டார்:

"நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே?"

"ஆ," என்றேன்.

"எங்க அம்மாவைப் பத்தி நாலு பக்கம் எழுதித் தரணும். முப்பத்தொரு வருஷம் வெளிநாட்டுல மிஷனரியா, டீச்சரா இருந்துட்டு இப்பத்தான் அப்பாவோட திரும்பி வந்திருக்காங்க. சபையில வரவேற்புக் கூட்டம் வைக்கிறாங்க, மலர் போடறாங்க. முடியும்ல?"

"ஆ ஆ."

பஞ்சுக்குள்ளிருந்து வரும்போது மறுப்புக்கும் சம்மதத்துக்கும் ஒரே சத்தம்தான். அது தெரியாதவர் அல்லர் அந்தப் பெண்மணி. பதினான்கு வருட அனுபவம். "ரொம்ப தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார்.

மற்ற எழுத்தாளர்களிடம் பாத்திரங்கள் கனவில் வந்து கதவைத் தட்டுவதாகப் படித்திருக்கிறேன். என்னிடம் ஒரு எக்ஸ்ரே உறையில் வந்தார்கள். கிளம்பும்போது டாக்டர் அதை நீட்டினார். எனக்குப் படமே எடுக்கவில்லையே என்று விழித்தேன்.

"படம் இல்ல. கடிதம். நான் சின்ன வயசுல ஹாஸ்டல்லேர்ந்து அம்மாவுக்கு எழுதினது. எண்பத்தாறு இருக்கு. மலருக்கு வேண்டாம். நீங்க சும்மா பாருங்க."*

(* தமிழில் 'சும்மா' என்று சொல்லி நம் கையில் கொடுக்கப்படும் எதுவும் சும்மா கொடுக்கப்படுவதில்லை. இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தாடை மரத்திருந்ததால் மூளையும் கொஞ்சம் மரத்திருந்தது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"கப்பல் கரையை விட்டு மெல்ல விலகியபோது அந்த இளம் தாயின் கண்களில்—"

எழுதியதை எடுத்துக்கொண்டு டாக்டரின் அம்மாவைப் பார்க்கப் போனேன். மாடியில் வாடகை வீடு. பாதிப் பெட்டிகள் இன்னும் கயிறு அவிழ்க்கப்படாமல் சுவரோரம் நின்றன. அறுபத்துநாலு வயது, நிமிர்ந்த முதுகு, காதில் செருகிய பென்சில். நான் நீட்டிய தாளை வாங்கியதும் பென்சில் காதிலிருந்து தானாக இறங்கி வந்ததுபோல் இருந்தது.

"கப்பல் இல்ல தம்பி. ஏரோபிளேன். ரெண்டு இடத்துல மாறிப் போனோம். எனக்கு வழியெல்லாம் வாந்தி. அதை வேணா எழுதுங்க."

"கப்பல்னா கொஞ்சம்..."

"அழகா இருக்கும். தெரியும். ஆனா நாங்க அதுல போகலையே."

இரண்டாவது தொடக்கம்: "இளம் வயதிலிருந்தே பிறருக்கு ஈயும் உள்ளம் படைத்த அவர்". இதற்கு நீளமாக ஒரு கோடு விழுந்தது. "சின்ன வயசுல நான் என் தம்பிக்கு ரப்பரே கடன் தர மாட்டேன். இன்னும் உயிரோட இருக்கான். படிச்சா சிரிப்பான்."

மூன்றாவது என்னுடையது அல்ல. மலர்க்குழுச் செயலர் போனில் கொடுத்தது: "தியாகச் சுடர் என்ற சொல் கட்டாயம் வரணும் சார். தலைப்பிலேயே வந்தா ரொம்ப நல்லது." பென்சில் அந்தச் சுடரை ஒரே இழுப்பில் அணைத்தது. உடனே ஜன்னலோரம் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். இவர்தான் டீச்சரின் கணவர், பாஸ்டர்.

"சுடர் இருக்கட்டுமேம்மா. இங்க அடிக்கடி கரண்ட் போகுது."

அங்கே அவர் வாரத்தில் ஆறு நாள் மிஷன் ஜெனரேட்டரைப் பழுதுபார்ப்பார், ஏழாம் நாள் பிரசங்கம் செய்வார். இரண்டிலும் சத்தம் அதிகம், வெளிச்சம் குறைவு என்பது டீச்சரின் முப்பத்தொரு வருட அபிப்பிராயம். சொன்னபோது பாஸ்டர்தான் முதலில் சிரித்தார்.

நான்காவது தொடக்கம்: "அவர் ஒரு டீச்சர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்."

பென்சில் கொஞ்ச நேரம் தாளுக்கு மேலே நின்றது. பிறகு காதுக்கே திரும்பிப் போனது. ஆக, கதை இங்கிருந்து தொடங்குகிறது. இதுவரை படித்ததை நீங்கள் மறந்துவிடலாம், கடிதங்களைத் தவிர.

3

அவர் ஒரு டீச்சர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிளம்பும்போது மகளுக்கு ஏழு வயது. போகிற இடத்தில் தமிழ்ப் பள்ளி கிடையாது. ஊழியர்களின் பிள்ளைகள் சொந்த நாட்டில், மிஷன் சங்கத்தின் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது விதி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெற்றோருக்கு இரண்டு மாத விடுமுறை. விடுதி வாசலில் டீச்சர் மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பென்சில் பெட்டியைத் திறந்து எல்லாம் கூராக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பென்சில் மொக்கையாக இருந்தது. அதைச் சீவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

(அழுதாரா? இந்த இடத்தில் என்னிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. மூன்றையும் பென்சில் தின்றுவிட்டது.)

அவர்கள் போய் இறங்கியபோது அந்த ஊரில் மழை பெய்துகொண்டிருந்தது. ஆறு வாரம் கழித்தும் அதே மழைதான். நடுவில் நின்றதாக யாருக்கும் நினைவில்லை. தகரக் கூரை போட்ட மூன்று அறை வீடு. பள்ளி என்பது பழைய கிடங்கு ஒன்றின் பாதி. மற்றப் பாதியில் மூட்டைகள். ஈரத்தில் சாக்பீஸ் எழுதவில்லை, பலகையில் வழுக்கியது. டீச்சர் காலையில் எழுந்ததும் வாணலியை அடுப்பில் வைத்து, சாக்பீஸ்களைக் கொட்டி, இளஞ்சூட்டில் புரட்டி எடுப்பார். ஒரு நாள் பாஸ்டர் தூக்கக் கலக்கத்தில் வாணலிக்குள் எட்டிப் பார்த்து, "இதுக்குத் தொட்டுக்க என்ன?" என்று கேட்டாராம்.

அந்த ஊர் மொழியை டீச்சர் தன் மாணவிகளிடமே கற்றுக்கொண்டார். மூன்றாம் மாதம், இனிமேல் ஆராதனையில் தானே ஜெபிக்கப் போவதாக அறிவித்தார். பாஸ்டர் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார். டீச்சருக்குப் 'போகட்டும்' என்ற சொல் பிடிக்காது.

ஆராதனைக்கு ஐம்பது பேர் வந்திருந்தார்கள். நனைந்த உடுப்புகளின் வாடை. டீச்சர் கண்ணை மூடி, உருக்கமாக, உரத்து ஜெபித்தார். அந்த மொழியில் 'காப்பாற்றும்' என்பதற்கும் 'காயவையும்' என்பதற்கும் ஒரு குறில் நெடில்தான் வித்தியாசம். "ஆண்டவரே, எங்களைக் காயவையும். எங்கள் பிள்ளைகளைக் காயவையும். வழிப்போக்கர்களையும் நோயாளிகளையும் காயவையும்."

ஐம்பது பேரும் இதுவரை சொல்லாத பக்தியோடு ஆமென் சொன்னார்கள். மறுநாள் காலை வெயில் அடித்தது.

அன்றிலிருந்து அவர் வெயில் டீச்சர். பெரிய துவையல் இருக்கும் வீடுகளிலிருந்து ஆள் வந்து, "நாளைக்கு மட்டும் கொஞ்சம் சொல்லி வைங்க டீச்சர்" என்று கேட்டுப் போவார்கள். அப்படியெல்லாம் ஜெபிக்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, ஜெபிப்பாரா மாட்டாரா?

"எழுதாதீங்க," என்றார் டீச்சர்.

"ஜெபிப்பா," என்றார் மிக்ஸிக்குள்ளிருந்து பாஸ்டர்.

4

கடிதங்களுக்கு வருகிறேன். வேண்டாம் என்று நினைத்தேன், 'சும்மா' விடவில்லை.

விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கடிதம் எழுதும் நேரம். இது முதல் வருடத்துக் கடிதம் ஒன்று:

"அண்புல்ல அம்மா, நான் நள்ளா இருக்கிறேன். நேற்று மலை பெய்தது. எனக்கு ராத்திரி அலுகை வறுகிறது. பக்கத்துக் கட்டில் அக்காவுக்குப் பல் விலுந்தது."

தாளெங்கும் சிவப்பு மைச் சுழிகள். மலைக்கு மேல் ஒரு சுழி, பக்கத்தில் பொறுமையாக 'மழை'. அலுகைக்கு மேல் ஒரு சுழி, பக்கத்தில் 'அழுகை'. நாக்கை மடித்துச் சொல்லிப் பார்க்கவும் என்று ஒரு குறிப்பு. கடைசியில், சாய்வில்லாத அழகான கையெழுத்தில்: "ஏழு பிழை. சென்ற வாரம் பதினொன்று. முன்னேற்றம்."

திருத்திய கடிதம் டீச்சரின் பதில் கடிதத்தோடு சேர்ந்து கடல் கடந்து மகளுக்கே திரும்பி வந்திருக்கிறது. இப்படி எண்பத்தாறு. ஏறத்தாழ இரண்டு வருடம், விடுமுறை வாரங்கள் நீங்கலாக.

(பக்கத்துக் கட்டில் அக்காவின் பல்தான் இவரைப் பல் டாக்டர் ஆக்கியது என்று எழுத எனக்குக் கை பரபரத்தது. கேட்டேன். "மார்க் வந்தது, சீட் கிடைச்சுது. வாயைத் திறங்க" என்றார்.)

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்தேன். உண்மையில் கணினிதான். ஆனால் கணினியைக் கீழே வைத்தேன் என்றால் உங்களுக்கு என் மனநிலை புரியாது.

ஒரு வாரம் எழுதவில்லை. சாக்பீஸ் வறுத்த, வெயில் வரவழைத்த அந்த அம்மாவை எனக்குப் பிடித்திருந்தது. ராத்திரி அழுகை வருகிறது என்று ஏழு வயதுப் பிள்ளை எழுதினால் ழகரத்தை மட்டும் திருத்தி அனுப்புகிற இந்த அம்மாவை என்ன செய்வது? நான் உருவாக்கிய பாத்திரம் என்றால் ஒரு வரியில் இளக்கியிருப்பேன். 'தாள் நனைந்திருந்தது' என்று எழுதினால் போதும், வாசகர்கள் மன்னித்துவிடுவீர்கள். ஆனால் தாள் நனைந்திருக்கவில்லை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.

5

கேட்டுவிடுவது என்று போனேன். பாஸ்டர் மிக்ஸியை முடித்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கடிகாரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பிள்ளை அங்க தனியா இருந்திருக்கு. நீங்க ஏன் திரும்பி வரல?"

"ஆண்டவர் கூப்பிட்டார், போனேன்."

"எழுதிக்கவா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். தவறான விடையை மாணவன் எழுதிவிடுவானோ என்று பார்க்கிற பார்வை.

"இன்னொண்ணும் எழுதிக்குங்க. எனக்கு அங்க பிடிச்சிருந்துச்சு தம்பி. காலையில எழுந்தா வேலைக்குப் போக ஓடணும்னு தோணும். எழுத்தே தெரியாத பிள்ளைங்க மூணு மாசத்துல கடைப் பலகையெல்லாம் வாசிச்சுக்கிட்டு நடக்கும். அதைப் பாக்கறதுல ஒரு... கூப்பிட்டது உண்மை. பிடிச்சிருந்ததும் உண்மை. எல்லாரும் முதலாவதை மட்டும் எழுதுவாங்க."

பாஸ்டர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் திருப்புளி நின்றுவிட்டது.

நான் பையிலிருந்து எக்ஸ்ரே உறையை எடுத்து மேசையில் வைத்தேன். டீச்சர் உள்ளேயிருந்து ஒரு தாளை உருவினார். தன் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கண்ணாடி எடுத்துவந்தார்.

"வெச்சிருக்காளா?" என்றார். "எல்லாத்தையுமா?"

அதற்குப் பிறகுதான் தையற்காரியைப் பற்றிச் சொன்னார். நான் இதை டீச்சர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

6

இரண்டாம் வருடக் கடைசி. மதியம் மூன்று மணிக்குப் பெரியவர்கள் வகுப்பு. பன்னிரண்டு பெண்கள், பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்காருவார்கள். அவர்களில் ஒருத்தி தையற்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரே மகன் தொலைவில் ஏதோ நகரத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தான். அவன் கடிதங்களைக் கடைக்காரர்தான் படித்துச் சொல்வார். நாலு பக்கத்தையும் கண்ணால் மேய்ந்துவிட்டு, "நல்லா இருக்கானாம்" என்று மடித்துக் கொடுத்துவிடுவார்.

"நாலு பக்கமும் 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'னா எழுதியிருப்பான்?" என்று கேட்டுக்கொண்டுதான் அவள் முதல் நாள் வகுப்புக்கு வந்தாள். எட்டு மாதம் விடாமல் வந்தாள். விரலில் ஊசி குத்திய தழும்புகளோடு எழுத்துக்களைத் தடவித் தடவிப் படித்தாள்.

ஒரு நாள் மகனின் புதுக் கடிதத்தைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் வைத்துப் பிரித்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். சாப்பாடு உப்பு குறைவு என்று எழுதியிருந்தான். மேஸ்திரிக்குக் குறட்டை அதிகம். செருப்பு அறுந்துவிட்டது, தைத்துக்கொண்டான். அம்மா தைப்பதைப் பார்த்துப் பழகியது உதவியது. பதினொரு பெண்களும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார். முதல் பக்கத்திலேயே எட்டுப் பிழை. கை பழக்கம். பேனா மூடியைக் கழற்றி ஒரு சொல்லைச் சுழிக்கப் போனார்.

தையற்காரி தாளை வெடுக்கென்று இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், இது பாடம் இல்ல. என் பையன்."

"இல்ல, எழுத்துப்பிழை இருந்துச்சு, அதான்..."

"இருக்கட்டும். அவன் அப்படித்தான் பேசுவான்."

வகுப்பை அன்று டீச்சர் சீக்கிரம் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தார். அந்த வாரத்து மகளின் கடிதம் மேசையில் இருந்தது. பேனா இல்லாமல் படிக்க உட்கார்ந்தார். பிறகு பழைய கடிதங்களில் மகள் என்னென்ன எழுதியிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தார். கையில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் திருத்தி அனுப்பியாயிற்று.

"எந்த வாரம் எத்தனை பிழைன்னு வரிசையா ஞாபகம் இருந்துச்சு தம்பி. பதினொண்ணு, ஏழு, ஒம்பது, ஆறு. என்ன எழுதியிருந்தான்னு..." டீச்சர் நிறுத்தி, தன்னையே திருத்திக்கொண்டார். "என்ன எழுதியிருந்தாள்னு ஒரு வரி ஞாபகம் இல்ல. எழுத்தை மட்டும்தான் பாத்தேன். எழுத்தைப் பாத்தா இருக்க முடிஞ்சுது. வாக்கியத்தைப் படிச்சிருந்தா அடுத்த ஏரோபிளேன்ல ஏறியிருப்பேன்."

இதைச் சொல்லிக்கொண்டே கையிலிருந்த தாளைப் பார்த்தார். நான் மேலே எழுதிக் காட்டிய அதே கடிதம்தான். (நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கதைக்காக அப்படி அமைத்தேன் என்று சந்தேகப்படுவீர்கள். உறையில் அது முதலில் இருந்தது, அவ்வளவுதான்.) நாலு வரியையும் முதல் தடவையாகப் படிப்பதுபோல் உதடு அசையப் படித்தார்.

"இங்க பாருங்க," என்று பாஸ்டரிடம் நீட்டினார். "அழுகை வருதுன்னு எழுதியிருக்கா. நான் நாக்கை மடிக்கச் சொல்லியிருக்கேன்."

7

தையற்காரியின் சம்பவத்துக்குப் பிறகு டீச்சர் மகளின் கடிதங்களைத் திருத்துவதை நிறுத்திவிட்டார். திருப்பி அனுப்பவும் இல்லை. தானே வைத்துக்கொண்டார். வெறும் பதில் கடிதம் மட்டும் போனது. சுலபமாக நிறுத்திவிடவில்லை. கை தானாகப் போகும் என்பதால் சிவப்புப் பேனாவைப் பாஸ்டரின் கருவிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

"ஒரு கடிதத்துல 'அன்புள்ள ஆமை'ன்னு ஆரம்பிச்சிருந்தா," என்றார் டீச்சர். "அம்மாவுக்குப் பதிலா ஆமை! எனக்குச் சிரிப்புத் தாங்கல. பாத்திரம் கழுவறப்பகூட நினைச்சு நினைச்சு சிரிச்சேன். திருத்தல. என் பிள்ளை அப்படித்தான் பேசுவான்னு... பேசுவாள்னு விட்டுட்டேன்."

பெட்டி ஒன்றின் கயிற்றை அவிழ்த்து, துணியில் சுற்றிய கட்டு ஒன்றைக் காட்டினார். மகளின் பள்ளிக் காலம் முடியும்வரை வந்த எல்லாக் கடிதங்களும் அதில் இருந்தன. தாள்களில் ஒரு கீறல் இல்லை. மடித்த இடங்கள் மட்டும் நைந்திருந்தன.

அழகான முடிவு, இல்லையா? கண்டிப்பான தாய் மனம் இளகினாள், பிழைகளோடு பிள்ளையை ஏற்றுக்கொண்டாள். எனக்குப் பரம திருப்தி. அன்றே நாலு பக்கத்தையும் எழுதி முடித்து, மகளிடம் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டு, பாதியில் நின்ற பல் வேலைக்காகவும் கிளினிக்குக்குப் போனேன். இந்தத் தடவை பஞ்சு வைப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்று அவசரமாக ஆரம்பித்தேன்.

"திருத்தறதை நிறுத்தினப்புறம் உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்குமே டாக்டர்?"

அவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை மாட்டியாயிற்று, மற்றது பாதியில் நின்றது.

"நிம்மதியா? ஹாஸ்டல்ல மத்த பிள்ளைங்களுக்கு அவங்க அம்மா அப்பாகிட்டேர்ந்து பதில் வரும். 'ஜெபத்தோட இரு, நல்லா படி.' எல்லாருக்கும் ஒரே மாதிரி. எனக்கு மட்டும்தான் நான் எழுதின தாளே திரும்பி வரும். ஒவ்வொரு சுழியும் அம்மா கை வெச்ச இடம். ஏழு பிழைன்னா ஏழு தடவை தொட்டிருக்காங்கன்னு அர்த்தம். போர்வைக்குள்ள வெச்சு எண்ணுவேன்."

என் வாய் தானாகத் திறந்திருந்தது. பஞ்சு இல்லாமலேயே.

"அப்புறம் நான் நல்லா எழுதப் பழகிட்டேன். பிழை குறைஞ்சுது. பிழை குறைஞ்சா சுழியும் குறையுமில்ல? அதனால நடுநடுவுல வேணும்னே விடுவேன். 'முன்னேற்றம்'னு அம்மா எழுதினா எனக்குப் பயமா இருக்கும். திடீர்னு ஒரு நாள் தாளே வரல. பதில் மட்டும் வந்துச்சு, மத்தவங்களுக்கு வர்ற மாதிரியே. சரி, கவனிக்கலபோலன்னு இன்னும் நிறைய பிழை விட்டேன். மரத்தை மறம்னு எழுதினேன். கடைசியா 'அன்புள்ள ஆமை'ன்னுகூட எழுதிப் பாத்தேன். அதுக்கும் ஒண்ணும் வரல. அப்ப முடிவு பண்ணேன், அம்மா என் கடிதத்தைப் படிக்கறதையே நிறுத்திட்டாங்கன்னு."

"அடுத்த வருஷம் லீவுல வந்தாங்களே?"

"வந்தாங்க. 'வாங்க, உக்காருங்க'ன்னு சொன்னேன். வேற எப்படிப் பேசறதுன்னு தெரியல. அவங்களும் உக்காந்தாங்க." மற்றக் கையுறையையும் மாட்டிக்கொண்டார். "இதெல்லாம் மலருக்கு வேண்டாம். வாயைத் திறங்க."

8

அப்போது இந்த உலகத்திலேயே இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் நான். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது: அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல், பாக்கெட்டில் மிட்டாய் வைத்திருக்கிற பிள்ளைபோல் சுற்றினேன். மூன்றாம் நாள் மலர்க்குழுச் செயலருக்கு ஒரு நாலு பக்கத்தை அனுப்பி ஒழித்தேன். (தலைப்பு 'தியாகச் சுடர்'. தோற்றுவிட்டேன். வாந்தியையும் வெட்டிவிட்டார்கள்.) பிறகு, நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இதை, ஏழாம் பகுதி முடிய, டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

படித்தார். பென்சில் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. மூன்று இடத்தில் எனக்கே தெரிந்து சந்திப்பிழை இருந்தது.

"நான் நிறுத்தினது தப்பா?" என்றார். என்னிடம் கேட்டாரா, பாஸ்டரிடமா, அதற்கும் மேலேயா என்று தெரியவில்லை.

பாஸ்டர்தான் பதில் சொன்னார். "நீ ஒண்ணு முழு வேகத்துல போவ, இல்லன்னா ஒரே மிதியா பிரேக்கை மிதிப்ப. உள்ள இருக்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே குலுக்கல்தான்."

டீச்சர் சிரிக்கவில்லை. "அவ கிளினிக் எத்தனை மணிக்குத் திறப்பா?" என்றார்.

9

மறுநாள் சாயங்காலம் என் பல்லுக்குத் தொப்பி போடும் நாள். டோக்கன் எட்டு. ஐந்தாம் எண் உள்ளே இருக்கும்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு டீச்சர் வந்தார். கையில் துணிப்பை. வரவேற்பு மேசைப் பெண் புதியவள், அடையாளம் தெரியவில்லை. டாக்டரின் அம்மா என்று சொன்னால் நேரே உள்ளே போயிருக்கலாம். டீச்சர் வரிசையை மீறமாட்டார்.

"என்ன பிரச்சினைம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பழைய பிரச்சினை," என்றார் டீச்சர். டோக்கன் பதினொன்று.

என்னைப் பார்த்து, கவனிக்காத மாணவனைப் பார்ப்பதுபோல் ஒரு தலையசைப்பு. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து கடிதக் கட்டை எடுத்து மடியில் வைத்தார். பிறகு ஒரு பேனா, புதிது, மேலே விலைச்சீட்டுகூட உரிக்கவில்லை. முதல் தாளைப் பிரித்து, முழுக்கப் படித்தார். அவசரமில்லாமல், முகத்தில் என்னென்னவோ போக வர, இரண்டு தடவை படித்தார். அதன் பிறகுதான் பேனாவைத் திறந்து, ஒன்பது வயதுப் பெண் எழுதிய ஒரு சொல்லைச் சிவப்பாகச் சுழித்தார்.

என் நாற்காலிக்கு அடுத்த பக்கம் இருந்தவர், கன்னம் வீங்கிய மனிதர், எட்டிப் பார்த்தார். "பேப்பர் திருத்தறீங்களா? என் டோக்கன் ஒன்பது. எடுத்துக்கிட்டு நீங்க முன்னாடி போங்கம்மா. வயசானவங்க."

"வேண்டாம்யா. இன்னும் நிறைய பாக்கி இருக்கு."

இந்த இடத்தில் நான் சில முடிவுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அதை எழுதினால் மரத்துப்போக ஊசி போடாமல் பல்லைப் பிடுங்குவதாக டாக்டர் ஏற்கெனவே எச்சரித்திருக்கிறார், நான் கேட்காமலே. இன்னொன்றில் மகள் தாள்களைப் பார்த்துவிட்டு, "இப்ப எதுக்கும்மா இது?" என்கிறாள், அதுவும் நியாயம்தான், இருபத்தொன்பது வருடம் சின்ன நேரமில்லை. பத்தாம் எண் கூப்பிடும்போது டீச்சர் எழுந்து வீட்டுக்குப் போய்விடும் முடிவு ஒன்றும் உண்டு. அதை நான் எழுதிப் பார்த்து, பிடிக்காமல்—

"டோக்கன் எட்டு," என்றாள் மேசைப் பெண்.

உள்ளே போனால் நான் வாயைத் திறந்தபடி படுத்திருப்பேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் டீச்சர் தாள் புரட்டும் சத்தம் கேட்கும். தன் அம்மா வெளியே உட்கார்ந்திருப்பது தெரியாமல் டாக்டர் என் பல்லைச் சுரண்டுவார், நான் 'ஆ' என்பேன், அந்த 'ஆ'வுக்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வாரோ. முப்பது வருடம் இந்தக் குடும்பத்தில் எழுத்தைத் தப்பாகப் படித்தது போதும். நான் எழுந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, தெருவுக்கு வந்துவிட்டேன். பல் இன்னும் வலிக்கிறது.

அதனால் அங்கே என் நாற்காலி காலி. டீச்சருக்கும் கன்னம் வீங்கியவருக்கும் நடுவில். டீச்சர் நாலாவது கடிதத்தில் இருக்கிறார், இன்னும் மூன்று பேர் போக வேண்டும். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. உங்களுக்கு எந்தப் பல்லாவது வலிக்கிறதா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போய் உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவர் தாளை மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள்.

இந்தாருங்கள், டோக்கன் எட்டு.